தோட்டச் சம்பளக் கணக்காய்வு: மலையிலிருந்து சேமலாப நிதி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டம் ஒன்றின் சம்பளப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே வரும். கூட்டல் சரியாக வந்தால் போதும், சட்டப்படி எல்லாம் நடந்திருக்கிறது என்று நினைத்துக் கோப்பை மூடிவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) வந்து நின்றவருக்கு அன்று முழுப் பேர், அதாவது முழு நாள் வேலைப் பதிவு, விழுந்ததா, அவர் பறித்த கொழுந்து முழுவதும் அவர் கணக்கில் ஏறியதா என்ற இரண்டும் ஆபிஸ் கணினிக்கு வரும் முன்பே முடிவாகிவிடுகின்றன. பிழையான தரவைக் கணினி மிகச் சரியாகக் கூட்டித் தரும். அதனால் தோட்டத்தில் சம்பளக் கணக்காய்வை மலையில், அதாவது கொழுந்து பறிக்கும் இடத்தில்தான் தொடங்க வேண்டும். ஆபிஸ் அப்புறம்.

தோட்ட முகாமையாளர், ஆபிஸ் கிளாக்கர், கம்பனியின் உள்ளகக் கணக்காய்வாளர், தொழிற்சங்கப் பிரதிநிதி என யார் செய்தாலும் வேலை ஒன்றுதான். தொழில் திணைக்கள உத்தியோகத்தர் வந்து கேட்கும்போது பதில் தேடுவதைவிட, நாமே முதலில் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பதிவேடுகளைப் பார்க்கவும், வேலைத்தலத்துக்குள் வந்து தொழிலாளர்களை விசாரிக்கவும் அவருக்குச் சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது.

முதல் படி: எந்தச் சட்டம் யாருக்கு என்று பிரித்து எழுதுங்கள்

ஒரே தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே சட்டத்தின் கீழ் வரமாட்டார்கள். மலையில் கொழுந்து பறிப்பவருக்கும் தொழிற்சாலையில் டிரையர் (உலர்த்தும் இயந்திரம்) பக்கம் நிற்பவருக்கும் அடிப்படை 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். தேயிலைத் துறைக்குத் தனிச் சம்பளச் சபை உண்டு. அது தீர்மானிக்கும் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்ததும் சட்டமாகிவிடும். தோட்டம் நகரத்தில் விற்பனைக் கடையோ அலுவலகமோ வைத்திருந்தால் அங்கே இருப்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும்: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, அதற்கு மேல் மேலதிக நேரக் கொடுப்பனவு.

எல்லோருக்கும் பொதுவானவை நான்கு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் (ஈ.பி.எப்) சட்டத்தின்படி தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ஈ.டி.எப்) 3 சதவீதம், முழுவதும் தொழில்தருநரின் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வேலை முடிந்து போகும்போது சேவை செய்த ஆண்டுகளுக்காகக் கொடுக்கும் சேவைக்காலப் பணம். கடைசியாக, தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம். 2025இல் வந்த திருத்தம் அந்த வேதனத்தை 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தியது. நாட்சம்பளமாக இவை 1,080 ரூபாவும் 1,200 ரூபாவும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் இதைவிடக் கூட. ஆனால் பங்களாக் காவலாளி, பிள்ளைக் காப்பக உதவியாளர், கடைப் பையன் போன்றவர்களின் சம்பளத்தை இந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க மறந்துவிடுகிறோம். அவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பாருங்கள்.

ஒரு தாளில் வேலைப் பிரிவு, பொருந்தும் சட்டம், நாட்சம்பளம், அது நடைமுறைக்கு வந்த திகதி என்று எழுதிக்கொள்ளுங்கள். திகதி மிக முக்கியம். தேயிலைத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா வரவு செலவுத் திட்டச் சலுகைக் கொடுப்பனவுமாக 1,000 ரூபா ஆனது. 2024 மே மாதம் வந்த 1,700 ரூபா வர்த்தமானி நீதிமன்றம் போய், பின்னர் மீளப் பெறப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 1,350 ரூபா வந்தது. 2026க்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அதோடு அரசு தரும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என்று முன்வைத்தது. இப்படி அடிக்கடி மாறும்போது மென்பொருளில் புதிய தொகை எந்த நாளில் ஏற்றப்பட்டது, வர்த்தமானி எந்த நாளிலிருந்து என்று சொல்கிறது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் இருபது நாள் இடைவெளி இருந்தால், தோட்டத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்த இருபது நாளுக்கு நிலுவை இருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் மற்றக் கொடுப்பனவுகளும் தனித்தனி நிரலில் இருக்க வேண்டும். ஒரே தொகையாகக் கலந்துவிட்டால் எதற்கு ஈ.பி.எப் கட்டப்பட்டது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: பெயர்களைச் சரிபாருங்கள்

இது சலிப்பான வேலைதான், ஆனால் தள்ளிப்போட வேண்டாம். செக்ரோலில் (தோட்டத்தின் நாள் வேலைப் பதிவேட்டில்) உள்ள பெயர், தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயர், ஈ.பி.எப் கணக்கில் உள்ள பெயர் மூன்றையும் வரிசையாக வையுங்கள். பிறப்புச் சான்றில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, ஆங்கில எழுத்தில் வேறொரு உச்சரிப்பு, செக்ரோலில் வீட்டுப் பெயர் என்று ஒரே ஆளுக்கு நாலு வடிவம் இருக்கும். வேலை செய்யும் காலத்தில் இதனால் எந்தச் சிக்கலும் தெரியாது. ஐம்பது வயதில் ஈ.பி.எப் பணம் எடுக்கப் போகும்போதுதான் தெரியும். அப்போது அந்த அம்மா சத்தியக்கடதாசி எழுதி, கிராம உத்தியோகத்தரிடம் போய், தோட்டக் கடிதம் வாங்கி, பஸ் ஏறித் திரும்பத் திரும்ப நகரத்துக்கு அலைய வேண்டியிருக்கும். அவர் வேலையில் இருக்கும்போதே திருத்திவிட்டால் ஆபிஸில் சிறிது நேர வேலையோடு முடிந்துவிடும்.

செக்ரோலில் பெயர் இருந்தும் அடையாள அட்டை இலக்கம் இல்லாதவர்கள், ஈ.பி.எப் இலக்கம் இல்லாமல் மாதக்கணக்கில் வேலை செய்கிறவர்கள் என்று இரண்டு பட்டியல் தனியாக எடுங்கள். தற்காலிகம், கைக்காசு (வேலைக்கு நேரடியாகக் காசு கொடுப்பது), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) என்று எந்தப் பெயரில் அழைத்தாலும், உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு முதல் நாளிலிருந்தே ஈ.பி.எப் உரித்து உண்டு. நிரந்தரமாக்கிய பிறகு பார்க்கலாம் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

மூன்றாம் படி: மலைக்குப் போங்கள்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். ஒரு டிவிஷனைத் தேர்ந்தெடுங்கள், ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், அந்த மாதத்தில் ஆறேழு பேரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேர் நல்ல வேகமான கொழுந்துக்காரிகள், இரண்டு பேர் வயதானவர்கள், ஒருவர் கவ்வாத்துக்காரர் (தேயிலைச் செடியை வெட்டிவிடுபவர்), ஒருவர் புதிதாகச் சேர்ந்தவர். யாரைத் தேர்ந்தீர்கள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டாம்.

அரைப் பேரிலிருந்து, அதாவது அரை நாள் சம்பளப் பதிவிலிருந்து ஆரம்பிப்போம். செக்ரோலில் அந்த மாதம் விழுந்த ஒவ்வொரு அரைப் பேரையும் எடுத்து, என்ன காரணத்தால் போடப்பட்டது என்று கேளுங்கள். பாதி நாளில் வீட்டுக்குப் போனவருக்கு அரைப் பேர் போடுவது ஒரு விஷயம். நாள் முழுக்க மலையில் நின்றும் குறித்த கிலோ வரவில்லை என்பதற்காக அரைப் பேர் போடுவது முற்றிலும் வேறு விஷயம். சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்தை நாளுக்குத்தான் வைத்திருக்கிறது. கச்சான் காற்றில் காய்ந்த மலையிலும், உரம் போடாமல் காடு ஏறிக்கிடக்கும் மலையிலும் கிலோ வராததற்குக் கொழுந்து பறிப்பவர் பொறுப்பில்லை. அந்த நாளுக்கு முழுச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணக்காய்வு அறிக்கையிலும் அதை அப்படியே எழுதச் சொல்வேன்.

அரைப் பேர் எவ்வளவு இழுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 22 நாள் வேலைக்கு வந்தார். அதில் இரண்டு நாள் அரைப் பேர். 2024 செப்டம்பரில் வந்த 1,350 ரூபா வீதம் 21 நாளுக்கு 28,350 ரூபா கிடைக்கிறது. இரண்டும் முழுப் பேராக இருந்திருந்தால் 29,700. வித்தியாசம் 1,350 ரூபா. அதோடு முடியவில்லை. அந்த 1,350க்கு உரிய தோட்டப் பங்கு ஈ.பி.எப் 162 ரூபாவும், ஈ.டி.எப் 40 ரூபா 50 சதமும் போகாமல் நிற்கின்றன. மொத்தம் 1,552 ரூபா 50 சதம். டிவிஷனில் நூறு பேருக்கு இப்படி நடந்தால் மாதம் 155,250 ரூபா. சம்பளப் பதிவேட்டில் இதில் ஒரு வரி கூடத் தெரியாது.

அடுத்தது தராசு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பாருங்கள். காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று தடவை நிறுப்பது வழக்கம். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் சில கிலோ கழிப்பார்கள். வெறும் சாக்கை நிறுத்துப் பாருங்கள், அதன் உண்மையான எடை தெரிந்துவிடும். ஈரக் கழிவுக்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. ஜூன், ஜூலையில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் விடாத மழை. பெப்ரவரியில் அதே மலை காய்ந்து கிடக்கும். இரண்டு மாதத்துக்கும் கழித்த கிலோ ஒரே அளவாக இருந்தால், அங்கே கழிக்கப்பட்டது ஈரம் என்று சொல்ல முடியாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் பருவம் தலைகீழ், அதனால் ஜூலை, ஆகஸ்டை நவம்பர், டிசம்பரோடு ஒப்பிடுங்கள்.

தராசிலிருந்து தொழிற்சாலைக்கு ஒரு கோடு போடலாம். அன்று எல்லாக் கொழுந்துக்காரர்களின் கணக்கிலும் ஏறிய கிலோவைக் கூட்டுங்கள். அதே நாளில் தொழிற்சாலை எடுத்துக்கொண்ட பச்சைக் கொழுந்தின் எடையைப் பக்கத்தில் எழுதுங்கள். வண்டியில் வரும் வழியில் கொழுந்து கொஞ்சம் வாடும், அதனால் தொழிற்சாலை எடை சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. மலைக் கணக்கில் 10,000 கிலோ, தொழிற்சாலைக் கணக்கில் 10,600 கிலோ என்று திரும்பத் திரும்ப வந்தால், அந்த 600 கிலோவைப் பறித்த கைகள் யாருடையவை என்று கேட்க வேண்டும். இன்னொரு உறுதிப்பாடும் இருக்கிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும். உற்பத்தியான தூளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வந்த கொழுந்து எவ்வளவு என்று ஓரளவு பிடித்துவிடலாம். வெளித் தோட்டத்திலிருந்தோ சிறு தோட்டக்காரரிடமிருந்தோ வாங்கிய கொழுந்தை முதலில் கழித்துவிட மறக்க வேண்டாம்.

பிறகு ஆட்களோடு பேசுங்கள். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பக்கத்தில் நிற்கும்போது யாரும் வாய் திறக்கமாட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கோ கோயில் திண்ணைக்கோ போய், பெண்களோடு பேசப் பெண் ஒருவரை அனுப்புங்கள். "உங்களுக்குச் சம்பளம் சரியாகக் கிடைக்கிறதா?" என்று கேட்டால் "கிடைக்குதுங்க ஐயா" என்றுதான் பதில் வரும். "போன மாதம் எத்தனை பேர் விழுந்தது, அதில் அரைப் பேர் எத்தனை, எந்த மலையில்?" என்று கேட்டால் நாள் வாரியாகச் சொல்வார்கள். சிலர் சுவர்க் காலண்டரில் குறித்தே வைத்திருப்பார்கள். அந்தக் காலண்டரைச் செக்ரோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆபிஸில் கிடைக்காத தடயம் அங்கே கிடைக்கும்.

நான்காம் படி: ஞாயிறு, தொழிற்சாலை இரவு வேலை

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறித்தவர்களுக்கு ஒன்றரை மடங்கு நாட்சம்பளம் விழுந்ததா, அல்லது கைக்காசு என்று கிலோ கணக்கில் கொடுத்து முடித்துவிட்டார்களா என்று பாருங்கள். கைக்காசுப் பணம் சம்பளப் பதிவேட்டுக்குள் வராமல் தனி வவுச்சரில் போயிருந்தால், அதற்கு ஈ.பி.எப்பும் போயிருக்காது. சிறு செலவுப் புத்தகத்தையும் கொந்தரப்பு வவுச்சர்களையும் எடுத்து, பெறுநர் பெயர்களைச் செக்ரோலோடு ஒப்பிடுங்கள். ஒரே ஆளின் பெயர் இரண்டு இடத்திலும் வரும்.

தொழிற்சாலையில் வாட்டலும் டிரையரும் இரவெல்லாம் ஓடும் நாட்கள் உண்டு. டிரையர் ஓடிய மணிகளை இயந்திரப் பதிவிலிருந்து எடுத்து வருகைப் புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள். இயந்திரம் பதினாறு மணி ஓடியிருக்க, ஆட்கள் எல்லோரும் எட்டு மணியில் கையெழுத்துப் போட்டுப் போயிருந்தால் மேலதிக நேரம் எங்கோ மறைந்திருக்கிறது. அதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு ஈ.பி.எப் இல்லை என்பதால், சாதாரணச் சம்பளத்தின் ஒரு பகுதியை மேலதிக நேரமாகக் காட்டும் பழக்கத்தையும் கவனியுங்கள்.

ஐந்தாம் படி: பிடிப்புகள்

சம்பளத் துண்டில் கீழ்ப்பாதி பெரும்பாலும் பிடிப்புகள்தான். சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், அரிசி, மா, தேயிலைத் தூள், கோயில் பணம், மரண உதவிச் சங்கம், வங்கிக் கடன். சட்டம் அனுமதித்த பிடிப்பா, தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதம் கோப்பில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். மொத்தப் பிடிப்புக்கும் சட்டத்தில் ஓர் எல்லை உண்டு, அதையும் பாருங்கள். சந்தாப் படிவம் இல்லாமல் சந்தா பிடிப்பது, சங்கம் மாறியவரிடம் பழைய சங்கத்துக்கே பிடிப்பது ஆகியவற்றை வரி வரியாகப் பார்த்தால்தான் பிடிபடும். முற்பணத்தில் பாக்கி முடிந்த பிறகும் இரண்டு மாதம் பிடிப்பு தொடர்வதும் உண்டு. பிடித்த சந்தாவும் கோயில் பணமும் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று பற்றுச்சீட்டுக் கேட்பது கணக்காய்வாளரின் கடமை.

துண்டு தமிழில் இருக்கட்டும். தான் எதற்கு எவ்வளவு இழந்தோம் என்று படித்துப் பார்க்க முடியாத துண்டைக் கையில் கொடுப்பதில் பயனில்லை.

ஆறாம் படி: பணம் உரிய நாளில் போனதா

மாதச் சம்பளம் மாதம் முடிந்து 10 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். தோட்டங்களில் 10ஆம் திகதி சம்பளம் என்ற வழக்கம் அதனோடு பொருந்தும். ஈ.பி.எப்பும் ஈ.டி.எப்பும் அடுத்த மாத முடிவுக்குள் போய்விட வேண்டும். ஈ.பி.எப் தாமதமானால் தாமதத்தின் நீளத்தைப் பொறுத்து 5 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். அது தோட்டத்தின் பணம், தொழிலாளியிடம் பிடிக்க முடியாது. வங்கிக் கொடுப்பனவுத் திகதியைப் பாருங்கள். காசோலை எழுதிய திகதியைப் பார்த்து ஏமாற வேண்டாம். தேர்ந்தெடுத்த அந்த ஆறேழு பேரின் ஈ.பி.எப் கணக்கு மீதியை அவர்களின் சம்மதத்தோடு எடுத்து, சம்பளத் துண்டில் பிடித்த தொகை அங்கே வரவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தப் படி முடிந்தது.

ஏழாம் படி: பிரசவமும் சேவைக்காலமும்

பிரசவ விடுமுறை எடுத்த பெண்களின் பட்டியலைத் தோட்ட மருந்தகப் பதிவிலிருந்து எடுங்கள், ஆபிஸ் பட்டியலை நம்பி உட்கார வேண்டாம். 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளை, நாலாவது பிள்ளை என்று சொல்லி நாளைக் குறைக்க முடியாது, எந்தப் பிள்ளைக்கும் 84 நாள்தான். மருந்தகத்தில் பெயர் இருந்து பதிவேட்டில் கொடுப்பனவு இல்லாதவர்கள் யாரென்று பார்த்தாலே போதும்.

சேவைக்காலப் பணத்தில் பெரிய பிழை திகதியில்தான் வரும். பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு இடங்களை விட்டுவிட்டால், ஐந்து ஆண்டு முடித்த எவருக்கும் இது உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 1992இல் தோட்டங்கள் அரசிடமிருந்து கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறின. அதற்கு முன்பே பேர் பதிந்தவர்களுக்குச் சேவை தொடங்கிய திகதியாக எது ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 28 ஆண்டு சேவைக்கு 392 நாள், 1,350 ரூபா வீதம் 529,200 ரூபா. பதிவில் ஐந்து ஆண்டு விடுபட்டால் 94,500 ரூபா குறைந்துவிடும். பழைய செக்ரோல் கரையான் அரித்துக் கிடந்தால் ஈ.பி.எப் முதல் வரவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் எழுதிய தோட்டப் பெயர், பழைய சங்க அட்டை ஆகியவற்றைக் கொண்டு திகதியை நிறுவலாம். வேலை முடிந்து 30 நாளுக்குள் இந்தப் பணம் கொடுக்கப்பட வேண்டும். தாமதித்தால் இதற்கும் மேலதிகக் கட்டணம் உண்டு.

எட்டாம் படி: கண்டதை எழுதுவதும் திருத்துவதும்

அறிக்கை சம்பளம் போட்ட கிளாக்கரிடம் போகக் கூடாது, அவருக்கு மேலே இருப்பவரிடம் போக வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் ஆளின் பெயர், மாதம், எந்தச் சட்டம், விடுபட்ட தொகை, அதற்கான ஈ.பி.எப், ஈ.டி.எப் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "சில இடங்களில் குறைபாடுகள் காணப்பட்டன" என்ற வாக்கியத்தால் யாருக்கும் ஒரு சதம் கிடைக்காது.

நிலுவையை ஒரே தொகையாகக் கையில் கொடுத்து முடிக்க வேண்டாம். எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தால்தான் ஈ.பி.எப்பும் உரிய மாதத்தில் ஏறும். விலகிப் போனவர்களுக்கும், கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு, முகவரி தேடிக் கொடுங்கள். அரைப் பேர் போடும் அதிகாரத்தைக் கங்காணியிடமிருந்து எடுத்து, காரணம் எழுதிக் கையெழுத்து வைத்தால் மட்டுமே செல்லும் என்று ஆக்குங்கள். தராசுப் பக்கத்தில் அன்றைய சாக்குக் கழிவையும் ஈரக் கழிவையும் சுண்ணாம்புக்கட்டியால் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தோட்டம் திருத்த மறுத்தால் தொழிலாளியோ சங்கமோ தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். ஹட்டன், நுவரெலியா, பதுளை ஆகிய இடங்களில் அலுவலகங்கள் உண்டு. சம்பளத் துண்டுகள், காலண்டர்க் குறிப்பு, கிலோத் துண்டுகள் எதையும் வீச வேண்டாம்.

ஆண்டுக்கு இரண்டு தடவை செய்தால் போதும். ஒன்று மழைக் காலத்தில், ஒன்று வறட்சியில். ஒவ்வொரு தடவையும் வேறு டிவிஷன், வேறு ஆறேழு பேர். போன தடவை திருத்தச் சொன்ன பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தராசடியிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.